அடி வெட்டிய சுக்கான்



நம் சாலைகளில் ஓடும் மகிழுந்துகளுக்குள் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நிகழ்ந்து வருகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முழு வட்டமாக இருந்த சுக்கான், இப்போது பல வண்டிகளில் அடிப்பகுதி நேராக வெட்டப்பட்டு வருகிறது. ஆங்கில 'டி' எழுத்தைப் படுக்க வைத்தது போன்ற வடிவம். தோசையின் ஒரு விளிம்பை யாரோ கடித்துவிட்டதைப் போல என்றும் சொல்லலாம்.

முன்பு விரைவு வண்டிகளில் மட்டுமே இதனைக் காண முடிந்தது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் தலைமுறை வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வண்டியில் இவ்வடிவம் இருந்தது. அது ஓரளவு பொருந்தவும் பொருந்தியது. ஆனால், 2020ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவுக்கு வந்த நிஸ்ஸான் அல்மேராவைப் பாருங்கள். ஒரு லிட்டர் இயந்திரம், பின்னிருக்கையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும், பின்பெட்டியில் அரிசி மூட்டை என்று ஓடுகின்ற குடும்ப வண்டி அது. அதன் சுக்கானும் அடி தட்டையானதுதான்!

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சுக்கான் என்பது கப்பலுக்குரிய சொல். அரபியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. பேச்சில் நாம் எல்லாரும் 'ஸ்டேரிங்' என்றுதான் சொல்கிறோம். 'திசைமாற்றி வளையம்' என்று எழுதலாமே என நண்பர் ஒருவர் கேட்டார். வளையமாக இல்லாத ஒன்றை வளையம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே, சுக்கானே இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஆரம்பப்பள்ளி ஆசிரியைக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் போதிக்கிறேன். ஒரு நாள், தாங்கள் விரும்பும் மகிழுந்தின் உட்பகுதியை வரையச் சொன்னேன். இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் சுக்கானின் அடியை நேர்க்கோடாக இழுத்திருந்தனர். "ஏன் இப்படி?" என்று கேட்டேன். "அழகா இருக்கு டீச்சர்" என்றார்கள் சிலர். "ரேஸ் காடியில அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வேறு சிலர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒருவன் உறுதியாகச் சொன்னான்: "அப்படி இருந்தா வேகமா போகும் டீச்சர்."

நான் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், கைவினைப் பாட விரிவுரையாளர் எங்கள் முன் ஓர் அகப்பையையும் ஒரு கரண்டியையும் வைத்துவிட்டு, இந்த வடிவம் யாருடைய கைக்காக, எந்த வேலைக்காக என்று கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் நான் இன்னும் வகுப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுக்கானிடமும் அதையே கேட்டுப் பார்ப்போம்.

ஃபார்முலா 1 பந்தயம் நமக்குப் புதிதன்று. 1999ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை செப்பாங் தடத்தில் அது நடைபெற்றது. அந்த வண்டியில் ஓட்டுநர் அமர்வதில்லை, ஏறக்குறையப் படுத்துக்கொள்கிறார். பாதங்கள் இடுப்பைவிட உயரத்தில் இருக்கும். உடலைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலம்கூட மீதமிராது. தொடைகளுக்கு மேலே சுக்கான் உட்கார்ந்திருக்கும். அது முழு வட்டமாக இருந்தால் காலில் இடிக்கும். வண்டிக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கடினம். ஆகவே அடி வெட்டப்பட்டது. பின்னர் மேற்பகுதியும் போயிற்று. இன்று அது விமான ஓட்டியின் பிடி போலத்தான் காட்சியளிக்கிறது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் அதனைக் கழற்றியே எடுத்துவிடுகிறார்கள்.

வெட்டுவதற்கு அவர்களுக்கு இடம் கொடுத்தது வேறொரு காரணம். பந்தய ஓட்டுநர் சுக்கானை விட்டுக் கையை எடுப்பதே இல்லை. அவருடைய சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திரும்பினாலும் ஒரு முழுச் சுற்றுக்கூட ஆகாது. மொனாக்கோ நகரத் தடத்தில் உள்ள கொண்டையூசி வளைவு அப்பந்தயங்களிலேயே மிகவும் மெதுவான வளைவு; அங்கேகூடக் கைகள் ஒன்றையொன்று குறுக்கிடுமே தவிர, பிடி மாறுவதில்லை. கை மாறாத சுக்கானுக்கு வட்டம் தேவையில்லை.

நம் வண்டிகளின் கதை வேறு. பேரங்காடியின் நிறுத்துமிடத்தில் வண்டியை நுழைக்கிறோம். பள்ளி வாசலில் மற்ற வண்டிகளுக்கிடையே திருப்புகிறோம். சாதாரண மகிழுந்தின் சுக்கான் கோடியிலிருந்து கோடி வரை ஏறக்குறைய மூன்று சுற்றுகள் சுற்றும். அடியில் இருந்த தட்டை மேலே வரும்; பக்கவாட்டில் வரும்; மீண்டும் கீழே போகும். உள்ளங்கை ஒரே சீரான வளைவை எதிர்பார்த்து நழுவுகின்ற வேளையில், திடீரென ஒரு மூலை வந்து முட்டும். வட்டத்தின் பெருமையே இதுதான்: எந்தக் கோணத்தில் நின்றாலும் அது அதே வட்டம். கண் பார்க்காமலேயே கை அதனைக் கண்டுகொள்ளும்.

இதனை வகுப்பில் செய்து பார்த்தோம். தடித்த அட்டையில் இரண்டு வட்டங்கள் வெட்டி, ஒன்றின் அடியை மட்டும் நறுக்கி, இரண்டையும் பலகையில் ஆணியடித்துச் சுழலவிட்டேன். மாணவர்களின் கண்களைக் கட்டி, கைமாற்றிக் கைமாற்றி இடப்புறம் ஒன்றரைச் சுற்று, பின் வலப்புறம் ஒன்றரைச் சுற்றுத் திருப்பச் சொன்னேன். முழு வட்டத்தில் ஒருவருக்கும் சிக்கலில்லை. நறுக்கிய அட்டையில் பலருக்கும் கை தடுமாறியது. ஒருத்தி பிடியைத் தேடிக் காற்றைத் துழாவினாள். வகுப்பே சிரித்தது. கடைசி வரிசைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ ரேஸ் காடிக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்றான். அந்த ஒரு கேள்விக்காக அன்றைய பாடவேளை முழுவதையும் நான் மகிழ்ச்சியோடு செலவழித்தேன்.

பந்தயக்காரர்கள் எல்லாரும் அடி வெட்டிய சுக்கானையா பிடிக்கிறார்கள் என்றால், அதுவும் இல்லை. காட்டுப்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடும் ரேலி வண்டிகளில் பெரும்பாலும் வட்டச் சுக்கானே இருக்கும். அவர்கள் நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே வட்டத்தை விடவில்லை. எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் அண்ணனிடம் இந்த அட்டைகளைக் காட்டினேன். தமது தாம்பாளம் போன்ற பெரிய சுக்கானைத் தட்டிக் காட்டி, "முச்சந்தியில ஒடிச்சுத் திருப்பும்போது கை எங்கே போய் நிக்கும் டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் ஆய்வின் முடிவை அவர் அட்டையைத் தொடாமலேயே சொல்லிவிட்டார்!

வட்டத்தை மாற்றிப் பார்க்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. தொடக்கத்தில் மகிழுந்துக்கு வட்டமே கிடையாது. படகுக்கு இருப்பதைப் போன்ற ஒரு நெம்புகோல்தான் இருந்தது. 1894இல் பாரிஸிலிருந்து ருவான் வரை நடைபெற்ற ஓட்டத்தில் வாஷெரோன் என்பவர் வட்டச் சுக்கான் பொருத்திய வண்டியை ஓட்டினார் என்று மகிழுந்து வரலாறு குறிப்பிடுகிறது. அதன்பின் நெம்புகோல் விரைவிலேயே மறைந்தது. சுக்கான்கள் அகலமாகவும் இருந்தன. சக்கரங்களைத் திருப்பத் தோள் வலிமை வேண்டியிருந்ததே காரணம். 1951இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் விசைத் துணையுடன் திரும்பும் சுக்கானை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதனைச் சிறிதாக்க வழி பிறந்தது. பழைய கஞ்சிலை விசைத் துணையில்லாமல் நிறுத்துமிடத்தில் திருப்பியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, தோள்களே சொல்லும்.

1973இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் அலெக்ரோ என்றொரு குடும்ப வண்டி வெளிவந்தது. அதன் சுக்கான் மூலை மழுங்கிய சதுரம்! கால்களுக்கு இடம் கிடைக்கும், அளவுமானிகள் நன்றாகத் தெரியும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. இரண்டுமே பொய்யில்லை. ஆனால், வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். நிறுவனம் விரைவிலேயே வட்டத்துக்குத் திரும்பியது. இன்றும் இங்கிலாந்தில் அந்த வண்டியைப் பற்றிப் பேசினால் முதலில் அந்தச் சதுரச் சுக்கானைத்தான் நினைவுகூர்கிறார்கள். 2021இல் டெஸ்லா நிறுவனம் மாடல் எஸ் வண்டியில் மேல் வளைவே இல்லாத பிடியைப் பொருத்தியது. 2023இன் தொடக்கத்தில் வட்டச் சுக்கானையும் தெரிவாக வழங்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கதை மாறவில்லை.

லெக்சஸ் நிறுவனம் தனது ஆர்சட் மின்மகிழுந்துக்காக உருவாக்கிய முறையை மட்டும் நான் தனியாக வைப்பேன். அதில் சுக்கானுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டுக்குப் பதில் மின்கம்பி செல்கிறது. மெதுவாக ஓடும்போது சிறிது திருப்பினாலே சக்கரம் மிகுதியாகத் திரும்பும்படி கணினி பார்த்துக்கொள்ளும். கை மாற்றவே வேண்டாம். அங்கே வெட்டிய வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் குடும்ப வண்டியில் தட்டை அடிக்குப் பயனே இல்லையா? உண்டு. கருவுற்றிருந்த சக ஆசிரியை ஒருவர், வண்டியில் ஏறி இறங்க அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி உதவுகிறது என்றார். முழங்கால் மடக்க இயலாத முதியவர்களுக்கும் அது உதவும். சக்கரம் நேராக நிற்கிறதா என்பதைக் கை தடவியே அறியலாம். ஆனால், சுக்கானை உயர்த்தித் தாழ்த்தும் நெம்பு பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. அதனைத் தொட்டே பார்க்காதவர்கள் எத்தனை பேர்! நிறுவனமே பொருத்தித் தரும் தட்டைச் சுக்கானால் பெரிய கேடு ஏதுமில்லை. நான்கு நாளில் கை பழகிவிடும். அதற்காகவே உயர்வகை வண்டியை வாங்கி ஒன்பது ஆண்டு தவணை கட்ட வேண்டுமா என்பது அவரவர் வீட்டுக் கணக்கு.

நான் இதனை எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணம் உண்டு.

கண்களைக் கட்டி ஆய்வு செய்த அன்று, பள்ளி முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க அண்ணன் காடியிலயும் இப்படித்தான் வெட்டி இருக்கு. கடையில மாத்தினாரு" என்றாள். அவள் அண்ணனும் என் மாணவன்தான். நான் முதன்முதலில் ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியையாக இருந்தபோது எழுதுகோலைப் பிரித்துச் சுருள்வில்லை எடுத்து மேசையில் வைத்துக்கொள்வான். இப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். சுங்கை பட்டாணியிலிருந்து விடியற்காலையில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிறான். போகும் வழியில் தங்கையைப் பாட்டி வீட்டில் இறக்கிவிடுவதும் அவன்தான். அவனுடைய அம்மாவும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். பழைய மைவி, இரண்டாம் கையாக வாங்கியது. உள்ளே சிவப்பு நூலால் தைத்த கறுப்புச் சுக்கான், அடி தட்டை. நடுவில் கைக்குள் அடங்கும் ஒரு பொத்தான், அதில் ஒரு பந்தய நிறுவனத்தின் சின்னம்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஹோர்ன் டீச்சர்."

"பழசுக்குள்ள?"

அவன் பேசவில்லை. பழையதற்குள் காற்றுப்பை இருந்தது.

பெற்றோர்களும் இளம் ஆசிரியர்களும் இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். வண்டி மோதினால், ஏறக்குறைய ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் காற்றுப்பை விரிந்துவிடும். கண் இமைப்பதற்கும் குறைவான நேரம். ஓட்டுநரின் முகமும் மார்பும் சுக்கானில் மோதாமல் அது தாங்குகிறது. இருக்கை வாரும் அதுவும் சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. துணைப்பொருள் கடைகளில் விற்கப்படும் பந்தயச் சுக்கான்களில் காற்றுப்பை இருப்பதில்லை. அதற்குப் பதிலாக ஓட்டுநரின் மார்புக்கு நேரே ஓர் இரும்புக் குமிழ் நிற்கும். மெல்லிய தோலைப் போர்த்திவிட்டால் இரும்பு பஞ்சாகிவிடாது.

"ரேஸ் ஓட்றவங்களுக்கும் ஏர்பேக் இல்லையே டீச்சர்" என்றான். கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பதில். உண்மைதான், ஃபார்முலா 1 வண்டியில் காற்றுப்பை கிடையாது. ஆனால், அந்த ஓட்டுநர் தோள், இடுப்பு, தொடையிடுக்கு என ஆறு முனைகளில் இருக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறார். தலைக்கவசம் அணிந்திருக்கிறார். தலை முன்னோக்கி வீசப்பட்டுக் கழுத்து முறியாதிருக்க, தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் கருவியும் 2003ஆம் ஆண்டு முதல் அங்கே கட்டாயம். அவருடைய உடல் சுக்கான் வரை போகாது. நம் வண்டியில் இருப்பதோ மூன்று முனை வார். அது நம்மைச் சற்று முன்னே வரவிட்டுத்தான் பிடிக்கும். மீதியைக் காற்றுப்பை பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. இந்தப் பையன் அந்த வண்டியிலிருந்து சுக்கானின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரையும் கவசத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அவனிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. "காற்றுப்பையே வெடிச்சு ஆள் செத்திருக்காங்களே?" நல்ல கேள்வி. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த சில காற்றுப்பைகளில், வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கான வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின. அதற்காக அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைத்து, அப்பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். உங்கள் வண்டி அப்பட்டியலில் உள்ளதா என்பதை, அதன் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டறியலாம். கெட்டுப்போன மருந்தை மாற்றிக்கொள்வதற்கும் மருந்தே வேண்டாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால், எனக்கு உள்ளபடியே திகைப்பூட்டியது வேறொன்று. காற்றுப்பையைக் கழற்றினால் அளவுமானிப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டுமல்லவா? அவன் வண்டியில் எரியவில்லை. காற்றுப்பை இருந்த இடத்துக் கம்பியில் சிறிய மின்தடை ஒன்றைப் பொருத்திவிட்டால், பை இருப்பதாகவே வண்டியின் கணினி நம்பிக்கொள்ளும். கடையில் அதனைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். இனி அவன் இந்த வண்டியை வேறொருவருக்கு விற்றால், வாங்குபவருக்குப் பொய் சொல்ல அந்த விளக்கே போதும். இரண்டாம் கை வண்டி வாங்கும் பெற்றோர்கள், சுக்கானின் நடுப்பகுதியில் காற்றுப்பைக்குரிய எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். வண்டியை உயிர்ப்பிக்கும்போது காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்றும் கவனியுங்கள். ஐயம் இருந்தால், பணம் கட்டும் முன் நிறுவனத்தின் சேவை மையத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சுக்கான் எந்த வடிவமாயினும், அதன் நடுவுக்கும் உங்கள் மார்புக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். நம் பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் 30 சென்டிமீட்டர் அடிக்கோலே போதும் அளப்பதற்கு. கைகளைக் கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் வையுங்கள். பை விரியும்போது கை குறுக்கே கிடந்தால் அது முகத்தில் வந்து மோதும்.

அவன் என் அடிக்கோலை வாங்கி அளந்து பார்த்தான். 19 சென்டிமீட்டர். புதிய சுக்கானைப் பொருத்துவதற்காகக் கடையில் வைத்த இணைப்புக்கட்டை அதனை முன்னே தள்ளியிருக்கிறது. தேநீர் குடித்து முடிக்கும்வரை அவன் வேறொன்றும் பேசவில்லை. போகும்போது, "பழசைக் கடையிலேயே 150 வெள்ளிக்குக் கொடுத்துட்டேன் டீச்சர்" என்றான்.

மறுவாரம் சேவை மையத்தில் விலை கேட்டிருக்கிறான். சுக்கான், காற்றுப்பை, கூலி எல்லாம் சேர்த்து, அவன் அலங்காரத்துக்குச் செலவழித்ததைப்போல் மும்மடங்கு. உதிரிபாகக் கடையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். எந்த விபத்து வண்டியிலிருந்து எடுத்தது என்று தெரியாத காற்றுப்பை வேண்டாம் என்று அம்மா மறுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் கூட்டு எடுக்கும் முறை வருகிறது, அந்தப் பணத்தில் மாற்றிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை மைவி வீட்டு வாசலில் நிற்கிறது. அவன் தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போகிறான். தங்கை பள்ளிப் பேருந்தில் வருகிறாள்.